பீருமேட்டிலிருந்து லண்டனுக்கு: அன்னா மாணி எதற்குப் பழகினார்?

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றித் தமிழில் நாம் சொல்லிவரும் கதை பெரும்பாலும் குளிரில் தொடங்குகிறது. அடுத்த வரியில் உணவுக்கு வந்துவிடுகிறது. இதற்கு இராமானுசனின் வாழ்க்கை ஒரு முக்கியக் காரணம். 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கிக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், தம் அறையில் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரக்கறி உணவுக்கு வேண்டிய பொருள்கள் அரிதாயின. உடல் நலிந்து 1919-இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். அத்துயரம் உண்மையானது. ஆனால் அது பின்னர் ஒரு வாய்பாடாகிவிட்டது. கடல் கடந்த ஒவ்வொரு மாணவரின் வாழ்க்கையையும் குளிர், சோறு, தனிமை என்னும் மூன்று தலைப்புகளின் கீழ் எழுதி முடித்துவிடுகிறோம்.

தமிழில் ‘பழகுதல்’ என்னும் வினை இதைவிட அகலமானது. குளிருக்குப் பழகுகிறோம், அது உடலும் மனமும் ஒரு சூழலுக்கு இசைவது. வீணை பழகுகிறோம், அது ஒரு கலையைப் பயில்வது. ஒருவரோடு பழகுகிறோம், அது உறவாடுவது. ஓர் அயல்நாட்டுப் பெருநகரத்தில் மாணவர் ஒருவர் வாழக் கற்றுக்கொள்வது இம்மூன்று பொருளிலும் நிகழ்கிறது. இவற்றுள் இரண்டாவது பொருள்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் போகிறது. அங்கே சென்று எதைப் பயில்வது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அக்கேள்வியை முன்வைத்து, நம் எல்லைப்புற மலையிலிருந்து 1945-இல் லண்டன் சென்ற ஒரு பெண்ணின் கதையைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன்.

1

அன்னா மாணி 1918 ஆகஸ்ட் 23 அன்று பீருமேட்டில் பிறந்தார். இடுக்கி மாவட்டம் அப்போது இல்லை. அது 1972-இல் உருவானது. பீருமேடு அன்று திருவிதாங்கூர் அரசின் கிழக்கு மலைப்பகுதி. குமுளியிலிருந்து கீழே இறங்கினால் சென்னை மாகாணத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் வழியாகத்தான் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் தமிழ்த் தொழிலாளர்களை மலையேற்றினர். பின்னாளில், 1956-இன் மாநிலச் சீரமைப்பின்போது, தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்துக்கு உரியவை என்ற கிளர்ச்சி எழுந்ததற்கும் இந்தக் குடியேற்றமே அடிப்படை.

மாணியின் குடும்பம் தொழிலாளர் வரிசையில் இருந்ததன்று. அது வசதியான சிரியன் கிறித்தவக் குடும்பம். தந்தை கட்டடப் பொறியாளர். ஏலத் தோட்டங்களின் உரிமையாளர். எட்டுப் பிள்ளைகளில் மாணி ஏழாமவர். ஆண் பிள்ளைகளை உயர்பணிகளுக்கும் பெண் பிள்ளைகளைத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்வது அக்குடும்பத்தின் வழக்கம். எட்டாம் பிறந்தநாளுக்கு வழக்கப்படி அளிக்கப்பட்ட வைரத்தோட்டை மறுத்து, அதற்கு மாறாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டார் என்பது அவரைப் பற்றிப் பலமுறை சொல்லப்படும் செய்தி. வைக்கம் போராட்டத்தின்போது காந்தி திருவிதாங்கூருக்கு வந்தது அவர் சிறுவயதில் நிகழ்ந்தது. அதன் தாக்கத்தால் கதர் உடுத்தத் தொடங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, லண்டன் அவருக்கு முதல் அயல் நகரம் அன்று என்பதே. மலையிலிருந்து இறங்கி, வேறோர் ஆட்சியின் கீழிருந்த சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். பிறகு 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று, சி. வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சமஸ்தான மலை, மாகாணத் தலைநகர், மைசூர் சமஸ்தானத்தின் ஆய்வு நகரம் என்று மூன்று ஆட்சி எல்லைகளைக் கடந்த பின்னரே அவர் கப்பலேறினார். நம் பகுதி மாணவர்களுக்கு இது புதிதன்று. வண்டிப்பெரியாறிலிருந்து மதுரைக்கோ, சித்தூரிலிருந்து கோயம்புத்தூருக்கோ செல்லும் முதல் பயணத்திலேயே ‘பழகுதல்’ தொடங்கிவிடுகிறது. பள்ளி மொழி ஒன்று, வீட்டு மொழி ஒன்று, கல்லூரி மொழி வேறொன்று என்று வளர்ந்தவர்களுக்கு, லண்டன் அந்த வரிசையில் இன்னுமொரு படி மட்டுமே.

2

பெங்களூரில் மாணி ஆராய்ந்தது வைரங்களின் ஒளியியல். இராமன் சேர்த்து வைத்திருந்த வைரங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து, அவற்றின் ஒளிர்வு, உறிஞ்சல், இராமன் நிறமாலைகளைப் பதிவு செய்தார். படிகத்தை நீர்மக் காற்றின் தாழ்ந்த வெப்பநிலையில் வைத்து, மெல்லிய ஒளிர்வை ஒளிப்படத் தட்டில் பதிய வைக்க வேண்டும். ஒரு தட்டுக்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் வரை ஒளிபட விட வேண்டியிருந்தது. இரவுகளை ஆய்வகத்திலேயே கழிப்பது வழக்கமாயிற்று. 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனி ஆசிரியராக வெளியிட்டார்.

அந்த ஆய்வகத்தில் ஆண்களும் பெண்களும் தாராளமாகப் பேசிக்கொள்வதை இராமன் விரும்பவில்லை. அறிவியல் வரலாற்றாய்வாளர் அபா சூர், மாணியை நேர்கண்டு எழுதிய ஆய்வில் இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஆய்வகத்தில் விவாதிப்பதும், தேநீர் நேரத்தில் ஒரு முடிவைப் பற்றி வாதிடுவதும், மாலை நடையில் ஐயம் கேட்பதும் ஆராய்ச்சிக் கல்வியின் பெரும்பகுதி. அந்தப் பகுதி பெண் ஆய்வாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆக, தனிமை என்பதை மாணி முதலில் அறிந்தது தேம்ஸ் கரையில் அன்று. தம் நாட்டு ஆய்வகத்தில்.

1945 ஆகஸ்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். இந்திய அறிவியல் கழகம் அக்காலத்தில் தானே பட்டம் வழங்கும் நிறுவனமாக இல்லை. அங்கு செய்த ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் அளித்து வந்தது. ஆனர்ஸ் முடித்துப் போட்டியில் வென்று உதவித்தொகை பெற்றவர், ஐந்து ஆண்டு ஆய்வும் ஐந்து கட்டுரைகளும் உடையவர் என்பதெல்லாம் கணக்கில் கொள்ளப்படவில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

அதே ஆய்வகத்தில் ஆய்வு செய்த சுனந்தா பாய் என்பவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். பத்துக் கட்டுரைகள் வரை எழுதியவர். அவருக்கும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. மேலாய்வுக்காக ஸ்வீடன் செல்லவிருந்த நிலையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வெளிநாடு சென்ற மாணவர்களின் வரலாற்றை எழுதும்போது, புறப்படாமலே போனவர்களை நாம் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒரே கூடத்தில் வேலை செய்த இருவரில் ஒருவர் கப்பலேறினார். மற்றவரின் பெயர் ஓர் ஆய்வு நூலின் பக்கங்களில் மட்டும் தங்கியிருக்கிறது.

3

மாணி விரும்பியது இயற்பியலில் தொடர்ந்து ஆராய. இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது; ஆனால் கிடைத்த இடம் வானிலைக் கருவியியலுக்கு உரியது. அதை ஏற்றுக்கொண்டு, போர் முடிந்த 1945-இலேயே, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலொன்றில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்தார்.

ஏன் வானிலைக் கருவி? இதற்கான விடை அவர் விருப்பத்தில் இல்லை, போரில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் வானிலையியலைப் படைத்துறைத் தேவையாக்கியது. விமானம் பறக்க, குண்டு வீச, படை கரையிறங்க மேல்வளிமண்டலத்தின் காற்றும் வெப்பமும் தெரிய வேண்டியிருந்தது. இந்தியாவிலும் வானிலை ஆய்வுத்துறை விரிவடைந்தது. ஆனால் வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற அடிப்படைக் கருவிகளுக்கே அத்துறை பிரிட்டனை எதிர்பார்த்திருந்தது. போர்க்காலக் கப்பல் நெருக்கடி அச்சார்பின் ஆபத்தைக் காட்டிவிட்டது. மறுபுறம், 1943–44-இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில், போருக்குப் பிந்தைய வளர்ச்சிக்கு அறிவியல் ஆய்வைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும் என்று அறிக்கை அளித்தார். போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக்கு வேண்டிய துறைகளில் பயிற்சி பெற மாணவர்களை வெளிநாடு அனுப்பும் திட்டமும் 1945-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திட்டத்தின் நோக்கில் மாணவர் என்பவர் நிரப்பப்பட வேண்டிய ஓர் இடம். நாட்டுக்கு இத்தனை பொறியாளர், இத்தனை வேதியியலாளர், கருவியியலுக்கு ஒருவர் என்று கணக்கிடப்பட்டது. அக்கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. விடுதலை பெறப்போகும் ஒரு நாட்டுக்குக் கருவி செய்யத் தெரிந்தவர்கள் தேவைதான். இருந்தாலும், வைரத்தின் ஒளிர்வை ஐந்தாண்டு பயின்ற ஒருவரின் பயிற்சிக்கும் ஆர்வத்துக்கும் அக்கணக்கில் இடமில்லை. அவர் லண்டனில் முதலில் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது, தாம் கேட்காத ஒரு துறைக்கு.

4

1945 முதல் 1948 வரையிலான லண்டன், வெற்றி பெற்ற பேரரசின் தலைநகரம் போலத் தோற்றமளிக்கவில்லை. குண்டு விழுந்த தெருக்கள் இடிபாடுகளாகவே கிடந்தன. உணவு, உடை, சோப்பு எல்லாம் பங்கீட்டில் இருந்தன. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி, 1946 ஜூலையில் பங்கீட்டின் கீழ் வந்து இரண்டு ஆண்டுகள் அப்படியே நீடித்தது. கோட்டு வாங்கவும் கூப்பன் வேண்டும். நம் ஊர் மாணவர்கள் சென்று சேர்ந்தது இத்தகைய நகரத்தில். ஒருவகையில் இது அவர்களுக்கு ஒரு சமநிலையைத் தந்தது. வீட்டு உரிமையாளருக்கும் வாடகை அறைவாசிக்கும் ஒரே பங்கீட்டுப் புத்தகம்.

1947-இன் குளிர்காலம் அந்நூற்றாண்டில் பிரிட்டன் கண்ட கொடிய குளிர்காலங்களுள் ஒன்று. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் நாள்தோறும் பனி பொழிந்தது. சுரங்கங்கள் அரசுடைமையாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. உறைந்துபோன இருப்புப்பாதைகளில் நிலக்கரி நகரவில்லை. பிப்ரவரியில் வீடுகளுக்குப் பகலில் ஐந்து மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அலுவலகங்கள் இயங்கின. வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்க வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இருந்திருக்க முடியாது. வெப்பநிலையைக் கணித்தல், எரிபொருளைச் சேமித்தல், மக்களைக் காத்தல் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அந்நகரம் நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது.

‘ஒருவரோடு பழகுதல்’ என்னும் பொருளில் அதே லண்டனின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். பீருமேடு அடங்கியிருந்த அதே கோட்டயம் பகுதியின் மேற்குச் சமவெளியில், உழவூரில், ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், 1945-இல் லண்டன் பொருளியல் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவித்தொகை அவரை அனுப்பியது. ஹெரால்டு லாஸ்கியிடம் படித்து 1948-இல் பட்டம் பெற்றார். அவர் தங்கியிருந்த வாடகை வீட்டில் உடனிருந்தவர்கள், பின்னாளில் இந்தியத் திட்டமிடலில் பெயர் பெற்ற பொருளியலாளர் கே. என். ராஜும், பின்னாளில் மொரீசியசின் முதல் குடியரசுத் தலைவரான வீராசாமி ரிங்காடுவும். திருவிதாங்கூர்க்காரர், கொச்சிக்காரர், மொரீசியசுத் தமிழ் வழியினர் என மூவர் ஒரே கூரையின் கீழ். வி. கே. கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக் அவர்களின் மாலை நேரக் கூடம்.

பெருநகரத்துக்குப் பழகுவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: நகரத்தோடு பழகும் முன், அங்கே வந்து சேர்ந்த பிற அயலாரோடு பழகுவது. 1920-இல் தொடங்கப்பட்ட இந்திய மாணவர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. விடுதி, ஆல்டுவிச்சிலிருந்த இந்தியா ஹவுஸ், லீக்கின் கூட்டங்கள் முதலியவை அதற்கான இடங்கள். சாதியும் சமஸ்தானமும் பிரித்துவைத்தவர்களை ஒரு லண்டன் வாடகை வீடு ஒரே மேசையில் உட்கார வைத்தது. மாணியும் நாராயணனும் ஒரே ஆண்டில் ஒரே நகரத்துக்கு வந்தவர்கள். ஒருவர் தோட்ட உரிமையாளரின் மகள். மற்றவர் பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்து சென்ற சிறுவன். இருவரையும் கப்பலேற்றியது உதவித்தொகையே. அது இல்லாவிட்டால், முதலாமவருக்கு வேறு வழிகள் இருந்திருக்கலாம், இரண்டாமவருக்கு இருந்திருக்காது.

1947 ஆகஸ்ட் 15-ஐ இருவரும் லண்டன் மாணவர்களாக இருந்த காலத்தில் கடந்தனர். பிரிட்டிஷ் பேரரசின் கீழிருந்த நாட்டிலிருந்து போனவர்கள், 1948-இல் விடுதலை நாட்டுக்குத் திரும்பி வந்தனர்.

5

இனி, ‘பயில்தல்’ என்னும் பொருளுக்கு வருவோம். கருவியியலில் மாணி பயின்றதன் உள்ளீடு அளவுத்திருத்தம். அது என்னவென்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம்.

பாதரசக் காற்றழுத்தமானி ஒன்று லண்டனில் செய்யப்படுகிறது என்று கொள்வோம். காற்றின் அழுத்தத்தைப் பாதரசத் தூணின் எடை ஈடு செய்கிறது. எனவே தூணின் உயரத்தைப் படித்தால் அழுத்தம் தெரிகிறது. ஆனால் எடை என்பது புவியீர்ப்பைப் பொறுத்தது. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவது. சென்னையின் அட்சரேகையில் அது, தரமாகக் கொள்ளப்படும் 45 பாகை மதிப்பைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 0.24 பங்கு குறைவு. ஆயிரம் மில்லிபார் காட்டும் கருவியில் இதனால் மட்டும் வரும் பிழை ஏறத்தாழ 2.4 மில்லிபார். வெப்பத்தால் பாதரசம் விரிவதும், பித்தளை அளவுகோல் நீள்வதும் தனிப் பிழைகள். வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வலுப்பெறுகிறதா என்பதைச் சில மில்லிபார் வேறுபாட்டைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள். கருவி நல்லது, செய்தவர் திறமையானவர், இருந்தாலும் திருத்தம் இன்றி அது நம் நாட்டில் உண்மை சொல்லாது.

வெயில் நேரத்தைப் பதிவு செய்யும் கேம்பெல்–ஸ்டோக்ஸ் கருவியும் அப்படியே. கண்ணாடிக் கோளம் ஒன்று சூரிய ஒளியைக் குவித்து, அட்டையில் எரிந்த கோடொன்றை வரைகிறது. அதன் சாய்வை ஒவ்வோர் அட்சரேகைக்கும் மாற்றி அமைக்க வேண்டும்; வெப்ப மண்டலத்துக்கென்று அதற்குத் தனி வடிவமே உண்டு.

அளவுத்திருத்தத்தின் நெறி இரண்டு பகுதி கொண்டது. கருவி தான் நிற்கும் இடத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். அதே வேளையில் எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு தரத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். இடத்தைப் புறக்கணித்தால் பிழை. தரத்தை விட்டுவிட்டாலும் பிழை. மாணவர் வாழ்க்கைக்கு இதை உவமையாக்கி நீட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் லண்டனில் கற்ற ஒன்றை அப்படியே தூக்கி வந்து இந்தியாவில் வைக்க முடியாது என்பதைத் தம் பாடத்தின் முதல் விதியாகவே படித்தவர் மாணி. அவருடைய பிற்காலப் பணி முழுவதையும் இது விளக்குகிறது.

6

1948-இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கருவிப் பிரிவில், எஸ். பி. வெங்கடேசுவரனின் கீழ் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி, ஈரப்பதமானி, வெப்பப்பதிவி என்று ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டில் உற்பத்தி செய்ய வழி செய்தார். பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டான 1957–58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையை நாட்டில் அமைத்தார். 1963-இல் தும்பாவில் ஏவுதளம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி அங்கு வானிலை நோக்ககம் அமைத்துக் கொடுத்தார். 1960-களில் ஓசோனை அளக்கும் பலூன் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1976-இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றிய அவருடைய நூல்கள் 1980-களின் தொடக்கத்தில் வந்தன. அதையடுத்துக் காற்றாற்றல் அளவீடுகளிலும் ஈடுபட்டார். இன்று பாலக்காட்டுக் கணவாயின் கீழ்த்திசையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இடுக்கியின் இராமக்கல்மேட்டிலும் சுழலும் காற்றாலைகளைக் காணும்போது, அவர் பிறந்த மலையைச் சுற்றி வீசும் காற்றுக்கும் ஓர் அளவு வேண்டும் என்ற எண்ணத்தை நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் அவரும் ஒருவர் என்பது நினைவுக்கு வருகிறது.

இந்த இடத்தில் எல்லையின் மறுமுனையான பாலக்காட்டைக் கொண்டுவர வேண்டும். கல்பாத்தி அக்கிரகாரத்தில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கல்கத்தாவில் இராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். 1925-இல் வானிலை ஆய்வுத்துறையில் சேர்ந்து மேல்வளிமண்டலத்தையும் ஓசோனையும் ஆராய்ந்தார். 1948-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். பின்னர் பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். அவரை உருவாக்கியவை பாலக்காடு, சென்னை, கல்கத்தா, இரங்கூன். லண்டனோ கேம்பிரிட்ஜோ அல்ல. வெளிநாட்டுப் பட்டம் இல்லாமலே ஓர் ஆய்வு வாழ்க்கை உலகத்தரம் அடைய முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவருக்குத் திறந்திருந்த கதவுகள் அனைத்தும் மாணிக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1987-இல் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் கே. ஆர். இராமநாதன் பதக்கம் மாணிக்கு வழங்கப்பட்டது. கல்பாத்தியின் பெயரைத் தாங்கிய பதக்கம் பீருமேட்டில் பிறந்தவரின் கையில் சேர்ந்தது. மாணி 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். முனைவர் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

7

இக்கதையை இருவகையில் தவறாகப் படிக்கலாம். ஒன்று, மறுக்கப்பட்ட பட்டமும் மாற்றப்பட்ட துறையும் நல்லதற்கே என்று படிப்பது. இயற்பியலில் நின்றிருந்தால் இந்தியாவுக்கு ஒரு கருவியியலாளர் கிடைத்திருப்பாரா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய வெற்றியை, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கணக்கில் வரவு வைப்பது வரலாறாகாது. மற்றொன்று, அவரை வெறும் பாதிக்கப்பட்டவராகப் படிப்பது. மாணியே இதை ஏற்றிருக்க மாட்டார். பட்டம் மறுக்கப்பட்டதையோ பெண்ணாக இருந்ததையோ தம் வாழ்வின் பெருந்தடையாக அவர் பேச விரும்பவில்லை என்று அபா சூரின் பதிவு காட்டுகிறது. தமக்குக் கொடுக்கப்பட்ட துறையை அவர் சகித்துக்கொள்ளவில்லை. கற்றுத் தேர்ந்து தமதாக்கிக்கொண்டார். ‘பழகுதல்’ என்பதன் முழுப்பொருளும் அங்கே நிறைவேறியது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் உயர்படிப்புப் படிக்க நடுவணரசு நடத்தும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954–55-இல் தொடங்கியது. அதன் விதிகள் 2022-இல் திருத்தப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி இல்லை என்று சேர்க்கப்பட்டது. இந்தியாவைப் பற்றி ஆராய வெளிநாடு செல்லத் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதாவது, தம் தாத்தாவைக் கங்காணி மலையேற்றிய வரலாற்றை ஒரு தோட்டத் தொழிலாளியின் பேத்தி லண்டன் ஆவணக் காப்பகங்களில் இருந்து எழுத விரும்பினால், அவர் இத்திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க முடியாது. தேயிலைக் கம்பெனிகளின் தாள்களில் கணிசமானவை இன்னும் அந்நகரத்தில்தான் உள்ளன. சொந்தப் பணம் உள்ளவர் அங்கே செல்ல எவரும் தடை சொல்வதில்லை. பட்டியல் யாரைத் தடுக்கிறது என்பது இதிலிருந்தே தெளிவு.

1945-இல் திட்டம் ஒரு பெண்ணை வைரத்திலிருந்து காற்றழுத்தமானிக்கு நகர்த்தியது. அப்போதும் அவருக்கு ஓர் இடமாவது இருந்தது. இன்றைய பட்டியலில் சில கேள்விகளுக்கே இடமில்லை.

ஆண்டுதோறும் நம் எல்லைப்புற ஊர்களிலிருந்து மாணவர்கள் வெளிநாடு புறப்படுகிறார்கள். மூத்தவர்களிடம் அவர்கள் கேட்பவை கம்பளி, வாடகை, அரிசி கிடைக்கும் கடை ஆகியவற்றைப் பற்றி. அவற்றுக்கு விடை சொல்வது நம் கடமை. முதல் குளிர்காலத்தை அவ்விடைகளே கடக்கச் செய்யும். அத்துடன் இன்னொன்றையும் அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்: நீ எதை ஆராய விரும்பினாய், எதை ஆராயப் போகிறாய், இரண்டும் ஒன்றா? இரண்டும் வேறானால் அந்த மாற்றத்தை யார் செய்தார்கள் என்று எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். எண்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஆய்வாளருக்கு, பனியின் ஆழத்தைவிட அக்குறிப்பு பயன்படும்.

மாணியின் ஆய்வேடு பெங்களூரில் இராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் இருக்கிறது. பட்டம் பெற்ற பிற ஆய்வேடுகளோடு ஒரே அடுக்கில், அவற்றைப் போலவே கட்டமைக்கப்பட்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.